கோயில் குளமும் புல் தின்னும் மீனும்



போன வருஷம் திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் பெரட்டு முடிந்த கையோடு நாலு பேர் என் மருந்தக வாசலில் வந்து நின்றார்கள். "யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஒன்னும் இல்லீங்க, டிரசர் ஐயா. கோயில் குளத்துக்குத்தான் சீக்கு" என்றார் கோயில் தலைவர்.

அவர் சொன்னது உண்மைதான். அரை ஏக்கர் குளம். மேலே கியம்பாங் பாய் விரித்தது போல மூடிக் கிடந்தது. அதை விலக்கிப் பார்த்தால் தண்ணீருக்குள்ளே வேலம்பாசி சடைசடையாய் வளர்ந்திருந்தது. கரகம் ஜோடிக்க இறங்கும் படிக்கட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் லயத்து வாசலில் ஒருவரும் உட்கார முடியாது, அவ்வளவு கொசு.

"ரெண்டு பம்பு மருந்தடிச்சா மூனே நாள்ல கருகிப் போயிடும் ஐயா. பழைய மருந்து கொஞ்சம் வீட்ல கிடக்கு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார் கூட வந்த ஒருவர்.

நான் சரி என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்தோம் என்பதைத்தான் இந்த முறை எழுதுகிறேன். நம் மலாக்காவில் இன்னும் எத்தனையோ தோட்டங்களில் இப்படிக் குளமும் குட்டையும் மூடிக் கிடக்கின்றன. அங்கே உள்ளவர்களுக்கும் இது உதவும்.

மருந்தடித்தால் என்ன?

முதலில் அந்தப் "பழைய மருந்தை" எடுத்து வரச் சொன்னேன். பார்த்தால் பாராகுவாட்! ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கும் விஷம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக் கொன்றுவிடும். மருந்தடித்த நம் பெண்கள் பலர் நகம் கழன்றும், மூக்கில் இரத்தம் வடிந்தும், கண் எரிந்தும் பட்ட பாட்டை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டில் இதை நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் நம் நாட்டில் முழுத் தடை வந்தது. ஆகவே யார் வீட்டிலாவது பழைய போத்தல் மிச்சம் இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள். கால்வாயில் ஊற்றாதீர்கள். வேறு போத்தலுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். தோட்ட அலுவலகத்திலோ விவசாய இலாகாவிலோ சொல்லி ஒப்படையுங்கள்.

"சரி, தடை செய்யாத வேறு மருந்து அடிக்கலாமே?" என்று கேட்பீர்கள். செம்பனை வரிசையில் அடிக்கிற மருந்து தரைக்கென்று செய்தது, தண்ணீருக்கு அல்ல. அதில் கலந்திருக்கும் ஒட்டுப் பசை போன்ற பொருள்கள் மீனுக்கும் தவளைக்கும் ஆகாது. இன்னொரு சங்கதியும் உண்டு. அடித்த மருந்தில் அத்தனை களையும் ஒரே நேரத்தில் செத்துக் குளத்தடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். விடியற்காலையில் பார்த்தால் மீன் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும், பிறகு செத்து மிதக்கும். அழுகின தண்ணீரில் வேறு ஜாதிக் கொசு வந்து குடியேறும். சில மாதத்தில் களையும் திரும்ப முளைத்துவிடும். மாடு குடிக்கிற தண்ணீர், பிள்ளைகள் விளையாடுகிற தண்ணீர், அம்மனுக்குக் கரகம் எடுக்கிற தண்ணீர். அதில் போய் விஷத்தை ஊற்றலாமா?

வேரில் மூச்சு விடும் கொசு

குளத்துக் களை ஒரு டிரசருக்கு ஏன் கவலை? காரணம், கியம்பாங்கை நம்பி வாழும் ஒரு கொசு. அதன் பெயர் மான்சோனியா.

மற்றக் கொசுக்களின் புழு தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு விடும். அதனால்தான் எண்ணெய் ஊற்றினால் மூச்சு முட்டிச் சாகிறது, சின்னச் சின்ன மீன்களும் பிடித்துத் தின்கின்றன. மான்சோனியாவின் புழு மேலே வருவதே இல்லை. ஊசி போன்ற தன் மூச்சுக் குழாயைக் களையின் வேரில் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு அடியிலேயே ஒட்டிக் கிடக்கும். கியம்பாங், கெலாடி புந்திங் என்கிற ஆகாயத்தாமரை, இவற்றின் வேர்க் கற்றைதான் அதற்குத் தொட்டில். எண்ணெய் ஊற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சிறு மீனால் அந்த வேருக்குள் புகுந்து பிடிக்கவும் முடியாது. இந்தக் கொசுவை ஒழிக்க ஒரே வழி அது பிடித்துத் தொங்கும் செடியை எடுப்பதுதான்.

இந்தக் கொசு கடித்தால் அரிப்போடு போகும் என்று நினைக்க வேண்டாம். யானைக்கால் நோயை இது பரப்பும். நம் பக்கத்து யானைக்கால் நோய்ப் புழுவின் விஞ்ஞானப் பெயர் புருகியா மலாயி. பெயரிலேயே மலாய் மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். அடிக்கடி காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், பிறகு முழங்காலுக்குக் கீழே வீக்கம் என்று வரும். ஒரு கடியில் வந்துவிடாது. மாதக் கணக்கில் பல முறை கடிபட்டால்தான் வரும். அரசாங்கம் வீடு வீடாக இரவில் இரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்ததால் நம் நாட்டில் இந்த நோய் முன்பைவிட எவ்வளவோ குறைந்துவிட்டது. அதற்காகக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டித் தர வேண்டுமா?

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டெங்கிக் கொசு வேறு. அது குளத்தில் வளர்வதில்லை. உங்கள் வீட்டுப் பூச்சட்டி, பழைய டயர், திறந்த தோம்பு, கூரைத் தகரத்து மடிப்பு, இவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் வளரும். குளத்தைச் சுத்தம் செய்துவிட்டு வாசலில் டயரைப் போட்டு வைத்தால் டெங்கி போகாது.

புல் தின்னும் மீன்

இப்போது மீனுக்கு வருவோம். தமிழ்நாட்டில் புல்கெண்டை என்பார்கள். மலாய்க்காரர் காப் ரும்புட் என்பார்கள். சீனரும் தம் பேச்சில் புல் மீன் என்றே சொல்வார்கள். சீனாவின் பெரிய ஆறுகள்தான் இதற்குப் பிறந்த ஊர். குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்னும். விரல் நீளத்தைத் தாண்டியதும் செடி தின்ன ஆரம்பித்துவிடும். வாயில் பல் இல்லை. தொண்டைக்குள் அரம் போன்ற பல் உண்டு. அதை வைத்து இலையைக் கிழித்து அரைக்கும். நல்ல வளர்ச்சியில் இருக்கும் மீன் தன் எடை அளவுக்கே ஒரு நாளில் பச்சை தின்றுவிடும். குளிர் நாட்டில் குளிர்காலத்தில் இதற்குப் பசி மந்தம். நம் ஊரில் பன்னிரண்டு மாதமும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் பன்னிரண்டு மாதமும் பசிதான்.

இந்த மீனைப் பற்றிய ஆராய்ச்சி நம் மலாக்காவிலேயே நடந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1957-இல் பத்து பெரெண்டாமில் வெப்ப மண்டல மீன் வளர்ப்பு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் காலனி அரசாங்கத்தின் மீன்வள ஆலோசகராக இருந்த ஹிக்லிங் என்பவர் அங்கே இந்த மீனின் குடலைப் பிரித்துப் பார்த்து, அது தின்பதை எப்படிச் செரிக்கிறது என்று ஆராய்ந்து 1966-இல் கட்டுரை வெளியிட்டார். தொண்டைப் பல்லில் கிழிபட்ட இலைதான் செரிக்கிறது. தின்றதில் பாதிக்குப் பாதி அப்படியே வெளியே வந்துவிடுகிறது என்று கண்டார். அந்தக் கழகத்தைச் சேர்ந்த பிரௌஸ் என்பவர், குளத்துக் களையை ஒழிக்க இந்த மீன் எவ்வளவு உதவும் என்பதை எப்படி அளந்து பார்ப்பது என்று 1971-இல் எழுதினார்.

பாதி செரிக்காமல் வெளியே வருவதில் ஒரு லாபம் இருக்கிறது. அது குளத்துக்கு உரம். அந்த உரத்தில் வளரும் நுண்ணுயிரை மற்ற மீன்கள் தின்று கொழுக்கும். நம் பக்கத்துச் சீன மீன் வளர்ப்பாளர்கள் மரவள்ளி இலையையும் நேப்பியர் புல்லையும் அறுத்துப் போட்டு இப்படித்தான் பல ஜாதி மீனை ஒரே குளத்தில் வளர்த்தார்கள்.

நான் பட்ட பாடம்

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டு நான் செய்தேன் என்று நினைக்காதீர்கள். முதலில் செய்தது முட்டாள்தனம்தான். சில வருஷங்களுக்கு முன் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தபோது, "புல் மீனை விட்டால் கியம்பாங் போய்விடும்" என்று நானே பெரிதாகப் பேசி, ஆளுக்கு ஐந்து வெள்ளி வசூல் செய்தேன். விரல் நீளக் குஞ்சுகளாக ஐம்பது வாங்கி வந்து, குளத்தில் கொட்டினோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆறு மாதம் ஆயிற்று. கியம்பாங் இருந்த இடத்திலேயே இருந்தது. மீன் ஒன்றைக்கூடக் காணோம்.

மீன்வள இலாகாவிலிருந்து வந்த ஓர் அதிகாரி குளத்தைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் குளத்தில் ஹாருவான் எத்தனை இருக்கிறது என்று பார்த்தீர்களா? உங்கள் ஐம்பது குஞ்சும் அதற்கு ஒரு வாரப் பசியாறல்" என்றார். ஹாருவான் என்றால் நம் விரால்தான். அடுத்து அவர் சொன்னது இன்னும் முக்கியம்: "மீன் பிழைத்திருந்தாலும் கியம்பாங்கைத் தொட்டிருக்காது. அதற்கு வேலம்பாசி போல மெத்தென்ற செடிதான் பிடிக்கும். வேறு வழி இல்லாவிட்டால்தான் முரட்டுச் செடி பக்கம் போகும்."

வசூல் கொடுத்தவர்கள் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அன்று ஒன்று விளங்கியது. இந்த மீன் குளத்தைக் கூட்டிப் பெருக்க வரும் ஆள் அல்ல. பெருக்கி முடித்த பிறகு காவல் இருக்கும் ஆள். மேலே மிதப்பதை மனிதக் கைதான் எடுக்க வேண்டும்.

கோயில் குளத்தில் செய்த முறை

போன வருஷம் அந்தப் பாடத்தை வைத்துத்தான் வேலை செய்தோம். முதலில் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டோம். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங். மூங்கிலைக் கயிற்றில் கட்டி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்துக் கியம்பாங் முழுவதையும் ஒதுக்கி வாரி எடுத்தோம். அள்ளியதைக் கரையோரம் விடாமல், மழைத் தண்ணீர் திரும்பக் குளத்துக்கு இழுத்து வராத மேட்டில் கொட்டிக் காய வைத்தோம். வேர் காய்ந்தால் கொசுப் புழுவும் சாகும். மக்கியதைப் பெண்கள் வாழைக்கும் கத்தரிக்கும் உரமாக அள்ளிப் போனார்கள். வேலம்பாசியை வாரியால் இழுத்து முடிந்த அளவு எடுத்தோம். முழுவதும் எடுக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் மீன். ஒரு சாண் நீளத்துக்குக் குறையாத மீனாகப் பன்னிரண்டு வாங்கினோம். அந்த அளவு இருந்தால் விராலால் விழுங்க முடியாது. பைத் தண்ணீருக்கும் குளத்துத் தண்ணீருக்கும் சூடு ஒத்துப்போகட்டும் என்று, மீன் இருந்த பையைக் கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, அதன் பிறகு திறந்தோம். தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் கம்பி வலை அடித்தோம். மழை வெள்ளத்தில் இந்த மீன் ஓடிவிடும்.

பன்னிரண்டு போதுமா என்று பலர் கேட்டார்கள். போதும். ஏக்கருக்குப் பத்து முதல் இருபது வரை விடுவது பல இடங்களில் வழக்கம். எங்கள் குளத்தில் பாசி மிச்சம் இருந்ததால் கொஞ்சம் கூட்டி விட்டோம். அளவுக்கு மீறி விட்டால் எல்லாப் பசுமையையும் வழித்துத் தின்றுவிட்டுக் கரையைக் கலக்கும். குளம் சேறாகவும் பச்சையாகவும் மாறிவிடும். உங்கள் குளத்துக்கு எத்தனை என்று மீன்வள இலாகாவில் கேட்டு விடுங்கள்.

இந்த மீன் குளத்தில் குஞ்சு பொரிக்காது. முட்டை மிதந்து போக நீண்ட ஓடும் ஆறு வேண்டும். பண்ணைகளில் ஊசி போட்டுத்தான் முட்டையிட வைக்கிறார்கள். அதனால் குளத்தில் பெருகி நிறைந்துவிடும் என்ற பயம் இல்லை. ஆனால் ஆற்றில் விடவே கூடாது. அமெரிக்காவின் கதை நமக்குப் பாடம். 1963-இல் அங்கே முதன்முதலாக இந்த மீன் போனபோது, அர்க்கன்சா மாநிலத்துக்குப் போனவை நம் மலேசியாவிலிருந்து போனவை. பின்னால் அவை தப்பி மிசிசிப்பி ஆற்றில் புகுந்து பெருகி, ஆற்றுச் செடிகளை அழிக்கின்றன. இப்போது அங்கே பல மாநிலங்களில் மலட்டு மீனை மட்டும்தான் விட அனுமதிக்கிறார்கள்.

சேர்த்தலை மக்கள் காட்டிய வழி

கேரளாவில் ஆலப்புழைப் பக்கம் சேர்த்தலை என்று ஓர் ஊர். வீட்டுக்கு வீடு தென்னை, தென்னைக்குப் பக்கத்தில் குட்டை, குட்டை நிறையக் களை. தென்னைக்கு உரமாகும் என்று அந்தக் களையை மக்களே வளர விட்டிருந்தார்கள். மான்சோனியாவுக்குக் கொண்டாட்டம், யானைக்கால் நோய் ஊரை விட்டுப் போகவில்லை. 1986-இல் புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே போனார்கள். மருந்து பம்போடு போகவில்லை. "களையை எடுங்கள், அதை உரமாகப் போடுங்கள், குட்டையில் மீன் வளருங்கள், விற்றுக் காசாக்குங்கள்" என்றார்கள். புல்கெண்டை போன்ற செடி தின்னும் மீன்களையும் சேர்த்துப் பல ஜாதி மீன் வளர்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். மீனில் வருமானம் வந்ததால் குட்டையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொசுவும் குறைந்தது.

கவனிக்க வேண்டியவை

களை வாரக் குளத்தில் இறங்குகிறவர்கள் பூட்ஸ் போடுங்கள். காலில் வெட்டு, புண் இருந்தால் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். இறங்கி இரண்டு மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நான் குளத்தில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வேலம்பாசிக்குள் பிள்ளைகளை நீந்த விடாதீர்கள். காலில் சுற்றினால் பெரியவர்களாலும் மீள முடியாது.

வளர்த்த மீனைத் தின்னலாம், நல்ல மீன்தான். ஆனால் நன்றாக வேக வைத்துத் தின்னுங்கள். 2015-இல் சிங்கப்பூரில் பச்சையாக நன்னீர் மீன் தின்றவர்கள் பலர் கடுமையான நோயில் விழுந்தார்கள். அங்கே கடைகளில் பச்சை நன்னீர் மீன் பரிமாறுவதையே தடை செய்தார்கள். இன்னொன்று, இந்த மீனின் பித்தப்பை. கண்ணுக்கு நல்லது, சூட்டைத் தணிக்கும் என்று யாராவது பச்சையாக விழுங்கச் சொன்னால் கேட்காதீர்கள். அது விஷம், சிறுநீரகமே செயலிழந்துபோகும். கழுவும்போதே எடுத்து எறிந்துவிடுங்கள். அண்மையில் மருந்தடித்த குளத்து மீனையும் தின்னாதீர்கள்.

இந்த வருஷத் திருவிழா

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷத் திருவிழாவுக்குக் குளத்தைச் சுத்தமாக்கியது மீன் அல்ல, நம் ஆட்களின் கைதான். மீனின் வேலை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதத்தில் வேலம்பாசி கரையோரத்துக்கு ஒதுங்கிவிட்டது. மாதம் ஒருமுறை இளைஞர்கள் நாலு பேர் சுற்றி வந்து, புதிதாய்த் தலைகாட்டும் கியம்பாங்கைக் கையால் பொறுக்கிவிடுகிறார்கள். ஒரு மணி நேர வேலை. இந்த வருஷம் கரகம் எடுக்கப் போனபோது படி ஐந்தும் தெரிந்தன. சாயங்காலம் லயத்து வாசலில் கிழவிகள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கொசு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது.

அம்மன் குளத்து மீனை ஒருவரும் பிடிக்கக் கூடாது என்று கோயில் தலைவர் உத்தரவு போட்டிருக்கிறார். அன்று பழைய போத்தலோடு வந்தவர்தான் இப்போது கம்பி வலைக்குக் காவல்! மழை வந்தால் முதல் ஆளாகக் குழாயடிக்கு ஓடுகிறார்.

உங்கள் தோட்டத்துக் குளமும் மூடிக் கிடந்தால், பம்பைத் தூக்குமுன் உங்கள் டிரசரையும் கிளைத் தலைவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். முதலில் கை, பிறகு மீன். விஷம் வேண்டாம்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.

— தோட்ட மருத்துவ உதவியாளர், ஜாசின் வட்டாரம்